எந்தக் குடி

புளியந்தீவுக் கோட்டை.
கச்சான் உப்பைத் துப்புகிற மேல்மாடத்தில்
மூன்று நாற்காலி.
ஒல்லாந்துக் கணக்கனுக்கு ஒன்று,
சாட்சிக்கு வந்த நாகமுத்துப் போடிக்கு ஒன்று,
கைதிக்கு ஒன்று.
துபாசி நான், நின்றேன்.

கொட்டியாரத்தில் கப்பல்கள் கைவிட்டுப் போனபின்
கரை பிடித்துத் தெற்கே நடந்தவன்.
வெருகலைக் கடக்கையில் பதினொரு பேர்.
பனிச்சங்கேணிக் கண்ணாக் காட்டில் ஐந்து.
வாவிக் கரையில் பிடிபட்ட நேரம்
அவன் படை என்பது
அவனும்
அடிக்க ஆளில்லாத ஒரு முரசும்.

பெயர்?
கஸ்பார் தெ சான்வெர்னே.
பதவி?
அவன் ஒரு சொல் சொன்னான்.
எங்களுக்கு நடுவே கிடந்த ஓட்டைப் பறங்கிப் பாசையில்
அது ஒழுகிவிட்டது.
ஊர்களுக்கு உடையவன், வரி வாங்குகிறவன்,
குதிரையில் இருந்தபடி கோயிலுக்குப் போகிறவன் –
யோசித்துவிட்டு
"போடி" என்றேன்.
நாகமுத்துப் போடி அப்போதுதான்
வெற்றிலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

மறுகா தகப்பன்மார் வந்தார்கள்.
பதினாறு தலைமுறை, வரிசை தப்பாமல்.
சிலுவைச் சண்டைக்குப் போனவன், போய்த் திரும்பாதவன்,
பாலத்துக்குச் சுங்கம் வைத்தவன்,
ஒரு ராசாவின் செருப்பைக் கழற்றும் உரிமை பெற்றவன்.
கணக்கன் இறகை மை தொடாமல் வைத்திருந்தான்.

பிறகு தன் கதை.
பதினாறு வயதில் பிளாந்தர் சேற்றில் முதல் சண்டை.
தொடையில் ஈயம்; இன்றைக்கும் மாரியில் உளையுமாம்.
இரண்டு வருடம் ராசாவுக்கு எதிராக,
அதற்குப் பின் ராசாவோடு
(இதை எழுதவேண்டாம் என்றான், நான் அதையும் சொல்லிவிட்டேன்).
டன்கேர்க் மணல்மேட்டில் செத்தது
அவன் ஏறியிருந்த மூன்றாவது குதிரை.
லீல் கோட்டைக்கு அகழி வெட்டியது ஒன்பது இரவு.
கையை விரித்துக் காட்டினான்:
அங்கே மழை இப்படிச் சரிந்து பெய்யும்.

போடியார் கொட்டாவி விட்டார்.
"தகப்பன்மார் கதை காணும்கா.
தாய் என்ன குடி?"

கேட்டேன்.
விளங்கவில்லை என்றான்.
திரும்பக் கேட்டேன்.
வாவியில் ஒரு தோணிக்காரன் கழி ஊன்றும் சத்தம்,
மறுபடி ஊன்றும் சத்தம்.

மார்கரித், என்றான்.
மாவாலைக்காரன் மகள்.
தகப்பன் கடனில் மூழ்கிக் கிடந்தபோது
சீதனத்துக்காகக் கட்டியவள்.
முப்பது வருடம் எந்த மேசையிலும்
அந்த ஆலையை நான் சொன்னதில்லை.
அவள்தான் அதை விற்றாள்,
எனக்கு ஒரு கொம்பனி வாங்க.

கொம்பனி என்றதும் கணக்கன் நிமிர்ந்தான்.
எங்கள் கொம்பனி அல்ல, ஐயா.
நூறு ஆள், ஒரு கொடி, அவன் ஊரில் அதற்கு விலை உண்டாம்.

போடியார் சாய்ந்து உட்கார்ந்தார்.
இப்போது வழக்கு அவருக்குப் பழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது.
"தாய் முதுசத்தில் தொடங்கினது
தாய்வழிக்குத்தான் சேரும்.
அந்தக் கோட்டை, மணல்மேடு, குதிரை மூண்டும்.
சொல்லு அவனுக்கு. சகோதரி இருக்காளா?"
ஒருத்தி. கன்னிமடத்தில்.
"அப்ப எடுக்க ஆளில்ல."

இதை நான் எப்படிச் சொன்னேனோ தெரியாது.
அவன் சிரித்தான்.
பிடிபட்ட நாள் தொட்டு முதல்தடவை,
பல் தெரிய, மாவாலைக்காரன் பேரனாக.

ஐப்பசிக் காய்ச்சல் அவனை எடுத்தது.
கோட்டை வாசலில் ஏலம்.
சப்பாத்து சமையல்காரனுக்கு,
வாள் கொம்பனிக்கு,
பொய்மயிரை யாரும் கேட்கவில்லை.
முரசுக்கு நாகமுத்துப் போடி இரண்டு பணம் போட்டார்;
தோல் வெடித்திருந்தது,
நெல் அளக்க ஆகும் என்றார்.

கணக்கனின் ஏட்டில் ஒரு வரி:
பிராஞ்சுக்காரன், ஒருவன், காய்ச்சல்.
தாய்க்கென்று அதில் பத்தி கிடையாது.
ஓலை ஒன்றைக் கிழித்து, தமிழில்,
ஆலைக்குடி என்று எழுதினேன்.
எங்கே செருகுவதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டு
தோணித்துறைக்கு இறங்கினேன்.